குறி கேட்க வந்தவர்

ஆலய பரிபாலன சபைகளின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்கும் காலத்தில் லண்டன் வாழ் சைவ அன்பர்களின் இல்லங்களில் தொலைபேசி ஓய்வதில்லை. தலைவராக வருபவர் யார், காரியதரிசி யார், தனாதிகாரி பொறுப்பை இம்முறையாவது வேறொருவர் ஏற்பாரா என்ற பேச்சு பூசைக்கு வந்த இடத்திலும், பிரசாதம் வாங்கும் வரிசையிலும் தொடர்கிறது. பேச்சு முற்றி இரண்டு கட்சியாகப் பிரியும் நிலை வந்ததும் பெரியவர் ஒருவர், "ஏன் இந்தச் சச்சரவு? அம்பாள் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்துவிடுவோமே" என்பார். சிலர் தலையசைப்பர், சிலர் சிரிப்பர். வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும் நிறைந்த ஒரு சபையில் இப்படியும் ஒரு யோசனையா என்று இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வர்.

அந்தப் பெரியவரின் யோசனை எள்ளி நகையாடத் தக்கதன்று. தலைமை தாங்குவது யார், தலைவர் எப்போது முன்வர வேண்டும், எப்போது விலகி நிற்க வேண்டும் என்ற கேள்விகளைக் குறியிடம் கேட்ட மக்களுள் சீனர் மிகப் பழையவர். அவர்கள் கேட்ட கேள்விகள் எழுத்தாகவே கிடைத்துள்ளன. அவற்றுள் ஒரு பகுதி இந்த லண்டன் மாநகரிலேயே இருக்கிறது என்பதை அன்பர்கள் பலர் அறியமாட்டார்கள்.

செயின்ட் பாங்க்ரஸ் புகையிரத நிலையத்துக்கு அருகில் உள்ள பிரித்தானிய நூலகத்தின் சேகரிப்பில் மிகப் பழைய பொருள்கள் காகிதமோ ஓலையோ அல்ல, எலும்புகள். மாட்டின் தோள்பட்டை எலும்புகளும் ஆமை ஓடுகளுமாக நூற்றுக்கணக்கான துண்டுகள் அங்கே உள்ளன. கூலிங், சால்ஃபன்ட் என்ற இரு கிறிஸ்தவ பாதிரிமார் சீனாவில் இவற்றைச் சேகரித்தனர். 1911இல் பிரித்தானிய நூதனசாலை வாங்கியது. பின்னர் நூலகத்தின் பொறுப்பில் வந்தன. ஷாங் வமிசத்து அரசர்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் குறி கேட்ட எலும்புகள் இவை. எலும்பின் பின்புறத்தில் சிறு குழிகள் குடைந்து, அங்கே சூடு வைப்பார்கள். முன்புறத்தில் வெடிப்பு ஓடும். அந்த வெடிப்பைப் பார்த்துப் பலன் சொல்பவன் பெரும்பாலும் அரசனே. கேட்ட கேள்வியையும் எலும்பிலேயே செதுக்கி வைப்பார்கள். லண்டனில் உள்ள ஒரு துண்டில் சந்திர கிரகணம் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது, கி.மு. 1192இல் நிகழ்ந்த கிரகணம் அது என்று இக்கால வானியலார் கணித்துள்ளனர்.

இந்த எலும்புகளை உலகம் அறிந்துகொண்ட கதையும் சுவையானது. நிலத்தைத் தோண்டிய உழவர் கண்டெடுத்த இவற்றை மருந்துக் கடைகளில் 'டிராகன் எலும்பு' என்று சொல்லி, பொடியாக்கி விற்றார்கள். 1899இல் வாங் யிரோங் என்ற அறிஞர் அவற்றில் பழைய எழுத்து இருப்பதைக் கவனித்தார் என்பர். எத்தனை அரசாணைகள் கஷாயமாகிக் காய்ச்சற்காரர்களின் வயிற்றுக்குள் போயினவோ!

வூ டிங் என்ற அரசன் கேட்ட கேள்விகள் ஏராளம். அவனுக்குப் பல்வலி வந்தது. மூதாதையரில் யாருக்குக் குறை வைத்ததால் இது வந்தது என்று கேட்டான். அவன் மனைவியருள் ஒருத்தியான ஃபூ ஹாவ் கருவுற்றபோது பேறு நல்லபடி நடக்குமா என்று கேட்டான். இன்ன இன்ன நாளில் பிறந்தால் நன்று என்று அவனே பலனும் சொன்னான். முப்பத்தொரு நாள் கழித்து, வேறொரு நாளில் குழந்தை பிறந்தது. நல்லதாக அமையவில்லை, பெண் பிறந்தது என்று அதே எலும்பில் முடிவையும் செதுக்கி வைத்தார்கள். பெண் பிறந்ததைக் குறையென்று எழுதிய அந்த நாட்டில், அந்த ஃபூ ஹாவ்தான் பெரும் படைகளை நடத்திச் சென்ற சேனாபதி! 1976இல் ஆன்யாங் என்ற இடத்தில் அவளுடைய கல்லறை திறக்கப்பட்டபோது உள்ளே போர்க்கருவிகளும் இருந்தன. அதை விட்டுவிட்டாலும், முன்னே சொன்ன பலனையும் பின்னே நடந்ததையும் ஒரே இடத்தில் எழுதி வைத்த நேர்மை கவனிக்கத்தக்கது. நல்ல வைத்தியசாலைகளில் நோயாளிக் குறிப்பு இப்படித்தான் எழுதப்படுகிறது. நல்ல சபைகளின் கூட்டக் குறிப்பும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஷாங் வமிசத்தை வென்று வந்த ஜோவ் வமிசத்தார் காலத்தில் எலும்பின் இடத்தைக் கோடுகள் பிடித்துக்கொண்டன. அந்தக் கோடுகளின் நூல்தான் யீ ஜிங். 'மாற்றங்களின் நூல்' என்று பொருள். ஐ சிங் என்றும் எழுதுவர். முழுக்கோடு, நடுவில் உடைந்த கோடு என இரண்டே வகை. ஆறு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அறுபத்து நான்கு குறிகள் வரும். ஐம்பது செடித்தண்டுகளை எடுத்து, ஒன்றை ஒதுக்கி, மீதி நாற்பத்தொன்பதைப் பிரித்துப் பிரித்து எண்ணி ஒவ்வொரு கோடாகப் பெறுவார்கள். அந்தச் செடியின் இனத்தைச் சேர்ந்த ஒன்று லண்டன் பூங்காக்களின் புல்தரையிலும் முளைக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் 'யாரோ' என்று பெயர். தமிழ் அறிந்தவருக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

ஜோவ் வமிசத்தின் மூத்தவரான வென் மன்னர், ஷாங் அரசனின் சிறையில் இருந்தபோது இக்குறிகளுக்கு விளக்கம் எழுதினார் என்பது சீனரின் பாரம்பரிய நம்பிக்கை. அரசாள வேண்டியவர் சிறையில் இருந்து எழுதியது என்று அவர்கள் கருதியதாலேயே அதில் தலைமையைப் பற்றிய பேச்சு இத்தனை இருக்கிறது போலும். ஆங்கிலத்தில் இதனை ஜேம்ஸ் லெக் 1882இல் மொழிபெயர்த்தார். லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் சீன தேசம் சென்று, பின் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானவர் அவர். மாக்ஸ் முல்லர் பதிப்பித்த கீழைநாட்டுப் புனித நூல் வரிசையில் உபநிடதங்களுக்கும் வேதாந்த சூத்திரங்களுக்கும் துணையாக இந்த நூலும் நிற்கிறது.

முதற்குறி ஆறும் முழுக்கோடு, வானத்தின் குறி. அதன் கோடுகளைச் சீனர் ஒரு டிராகனின் வாழ்க்கையாகச் சொல்கிறார்கள். டிராகன் அவர்களுக்கு அசுரனன்று. மழை தரும் தெய்வ நாகம் என்று கொள்ளலாம். அடிக்கோட்டில் அது நீருக்குள் மறைந்து கிடக்கிறது. செயற்படும் வேளை வரவில்லை. அடுத்ததில் வயலில் தோன்றுகிறது. மூன்றாவதில் டிராகனைக் காணோம். பகலெல்லாம் உழைத்து, இரவிலும் விழிப்பாக இருக்கும் சான்றோன் ஒருவன் வருகிறான். நான்காவதில் ஆழத்தின் மேல் துள்ளிப் பார்க்கிறது. ஐந்தாவதில் வானில் பறக்கிறது. அதுவே தலைமையின் இடம். உச்சியில் ஆறாவது கோடு இருக்கிறது. ஐந்தோடு நிற்காமல் அங்கே ஏறிய டிராகன் செருக்குற்றது. அதற்குப் பின்னால் வருத்தமே காத்திருக்கிறது என்கிறது நூல். ஆறு கோடும் மாறும்போது சொல்லப்படும் பலன்தான் இன்னும் வியப்பானது. தலை தெரியாத டிராகன்கள் கூட்டமாக வருகின்றன. அது நன்மை என்கிறார்கள். ஆற்றலுள்ள பலர் ஒருங்கே இருந்தும் ஒருவரும் தலையை முன்னே நீட்டவில்லை! ஆலய சபைகளில் உழைத்தவர்களுக்கு இக்காட்சி எத்தனை அரிது என்பது தெரியும்.

பதினொன்றாவது குறியில் மண் மேலேயும் வானம் கீழேயும் இருக்கின்றன. பார்வைக்குத் தலைகீழ். ஆனால் அதற்கு அமைதி என்று பெயர். மேலே செல்லும் இயல்புடையது கீழேயும், கீழே இறங்கும் இயல்புடையது மேலேயும் இருந்தால் இரண்டும் சந்திக்கும் அல்லவா? வானம் மேலே, மண் கீழே என்று 'முறையாக' இருக்கும் பன்னிரண்டாவது குறிக்குத் தேக்கம் என்று பெயர். பதினைந்தாவது குறியில் மலை மண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. அது பணிவின் குறி. அறுபத்து நான்கினுள் ஆறு கோடுகளும் நல்ல பலனே சொல்வது இது ஒன்றுதான் என்று உரைகாரர் எடுத்துக்காட்டுவர்.

புலம்பெயர்ந்தோர் மனத்தில் தைப்பது பதினெட்டாவது குறி. ஒரு பாத்திரத்துக்குள் புழுக்கள் கிடப்பது போன்றது அதன் சீன எழுத்து. மூடியே வைத்திருந்ததால் கெட்டுப்போனதைச் சீர்செய்தல் என்பது பொருள். தந்தை விட்டுச்சென்ற பழுதை மகன் திருத்துவது, தாய் விட்டுச்சென்ற பழுதைத் திருத்துவது எனக் கோடுகள் பேசுகின்றன. திருத்தும் மகன் இருந்தால் தந்தைக்கும் பழியில்லை என்கிறது ஒரு கோடு. தாயின் பழுதைத் திருத்துகையில் கடுமை கூடாது என்கிறது அடுத்தது. தந்தை செய்ததாயிற்றே என்று பழுதைப் பொறுத்துக்கொண்டே போனால் பின்னர் வருந்த நேரும் என்கிறது இன்னொன்று. வாடகை மண்டபத்தில் ஒரு படத்தை வைத்துப் பூசை தொடங்கி, வீடு வீடாகச் சென்று நிதி திரட்டிக் கோயில் கண்ட தலைமுறை இன்று முதுமை எய்தியுள்ளது. அவர்களின் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளும் பெற்றோர் இந்தக் குறியின் முதற்கோட்டை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இத்தனை அழகான குறிகள் இருந்தும், குறி வந்துவிட்டால் போதும் என்று பழைய சீனர் எண்ணவில்லை. 'ஸுவோ ஜுவான்' என்ற பழைய வரலாற்று நூலில் இரண்டு நிகழ்ச்சிகள் வருகின்றன. கி.மு. 530இல் லூ நாட்டில் நான் குவாய் என்ற அதிகாரி தன் எசமானருக்கு எதிராகக் கலகம் செய்யத் திட்டமிட்டான். குறி கேட்டான். மஞ்சள் நிறக் கீழாடை, மிகப் பெரும் நன்மை என்ற கோடு விழுந்தது. இதைவிட என்ன வேண்டும்? காரியத்தை மறைத்துக்கொண்டு குறியை மட்டும் ஹுயிபோ என்ற பெரியவரிடம் காட்டினான். அவர், செய்யப்போவது விசுவாசமும் வாய்மையும் உடைய காரியமானால் இந்தக் குறி பலிக்கும், இல்லையேல் அழிவுதான், தகாத காரியத்துக்கு இந்த நூலைக் கேட்கவே கூடாது என்ற கருத்துப்படப் பதில் சொன்னார். நான் குவாய் கேட்கவில்லை. கலகம் தோற்றது, அயல்நாட்டுக்கு ஓடிப் பிழைத்தான்.

மற்றையது மு ஜியாங் என்ற அரசியின் கதை. லூ நாட்டு அரசனின் தாயான அவள், காதலன் ஒருவனோடு சேர்ந்து மகனின் ஆட்சியையே ஆட்டங்காணச் செய்ய முயன்று, சிறை வைக்கப்பட்டாள். சிறை புகுந்தபோது குறி கேட்டாள். 'பின்செல்லுதல்' என்ற குறி வந்தது. வெளியேறுதல் என்று இதற்குப் பொருள், விரைவில் விடுதலை என்றான் குறி சொல்பவன். அரசி மறுத்துவிட்டாள். அந்தக் குறிக்கு நன்மை உண்டுதான். ஆனால் அது நான்கு நற்குணங்கள் உடையவருக்குச் சொன்னது. தன்னிடம் அவற்றில் ஒன்றும் இல்லை. தீமையைத் தானே தேடிக்கொண்டவளுக்கு அந்தப் பலன் எப்படிப் பொருந்தும். இங்கேயே தான் சாவது உறுதி என்றாள். அப்படியே கி.மு. 564இல் அங்கேயே இறந்தாள். அவள் செய்த குற்றங்களை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் தனக்குச் சாதகமாக விழுந்த குறியைத் தானே தள்ளியவள் வரலாற்றில் இவளைப் போல் எத்தனை பேர்? நல்ல செய்தியை எதிர்பார்த்து வரும் நோயாளி, பரிசோதனை அறிக்கையில் தனக்குப் பிடித்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்வதே உலக இயல்பு.

கேட்க வந்தவர் யார் என்று முதலில் பார்க்கும் இந்த வழக்கம் தமிழகத்திலும் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் எடுக்கும் விதிகள் பொறிக்கப்பட்டுள்ளன. நம் மேடைப் பேச்சாளர்கள் இதை மக்களாட்சி என்று புகழ்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். அது பிராமண ஆடவரின் சபை என்பதையும், ஓலை எடுப்பது திருவுளச் சீட்டுப் போன்றது என்பதையும் சொல்லமாட்டார்கள்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயரைக் குடும்புவாரியாக ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். குழந்தை முதல் முதியவர் வரை ஊரே கூடியிருக்கும். நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காண உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்துக் கொடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பார். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்கு எத்தனை முன்னெச்சரிக்கை! இப்படி முப்பது பேர் வருவார்கள். பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். முந்நூற்றறுபது நாள் கடந்தால் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

சிறுவனின் கை விதியிடம் விடப்பட்டது. குடத்துக்குள் போகும் பெயர்களோ விதியிடம் விடப்படவில்லை. வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி, வயது எல்லாம் பார்த்தார்கள். வயது 919இல் முப்பது முதல் அறுபது வரை என்று விதித்து, இரண்டே ஆண்டில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்று மாற்றிக்கொண்டார்கள். பிழை கண்டால் யாப்பைத் திருத்தத் தயங்காதவர்கள். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் ஏறாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமே இல்லை. அவருக்கு மட்டுமா? அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மாமனார், மைத்துனர், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள் என்று கல்வெட்டு அடுக்கிக்கொண்டே போகிறது. இவ்விதியை லண்டனில் அப்படியே கொண்டுவந்தால், எல்லோரும் எல்லோருக்கும் உறவான நம் சபைகளில் நாற்காலி நிரம்புவது கடினம்! இந்நாட்டுச் சட்டம் அவ்வளவு கடுமை காட்டவில்லை. நிதியாண்டு முடிந்து பத்து மாதங்களுக்குள் கணக்கைச் சாரிட்டி கமிஷனுக்கு அனுப்பு என்பதோடு விடுகிறது. அந்தப் பத்தாவது மாதத்தின் கடைசி இரவில் தனாதிகாரி படும் பாடு ஊரறிந்தது.

சைவ அன்பர்களுக்கு யீ ஜிங் நூலை நினைவூட்டும் இன்னொரு வழக்கம் திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்தல். ஏட்டுச் சுவடியை வைத்துப் பூசித்து, சுவடிக்கிடையே நூலைச் செலுத்தி, அந்த இடத்தில் வரும் பாடலைத் திருவருளின் விடையாகக் கொள்வார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுத களப்பாளர் பிள்ளைப்பேறு இன்றி வருந்தித் தம் குலகுருவான சகலாகம பண்டிதரிடம் சென்றார். பண்டிதர் திருத்துறையூரில் வாழ்ந்தவர். ஆகமம் அனைத்தும் கற்றவர் என்பது பெயரிலேயே இருக்கிறது. அவர் கயிறு சாத்தினார். ஞானசம்பந்தப் பெருமான் அருளிய திருவெண்காட்டுப் பதிகத்துப் பாடல் ஒன்று வந்தது. முக்குள நீராடி வழிபடுவோர்க்கு மகப்பேறு உண்டு என்பது அதன் கருத்து. தம்பதியர் திருவெண்காடு சென்று வழிபட்டனர். பிறந்த குழந்தை திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தது. சிறு பிராயத்திலேயே பரஞ்சோதி முனிவரின் உபதேசம் பெற்று மெய்கண்டார் என்னும் பெயரோடு பெரியவர்களுக்கே பாடம் சொல்லத் தொடங்கியது.

பண்டிதருக்கு இது பொறுக்கவில்லை. தாம் கயிறு சாத்திப் பிறந்த குழந்தை. தம்மை வந்து வணங்கவில்லை. தம் மாணாக்கரே அங்கே போய் உட்கார்ந்து கேட்கிறார்கள். முதலாவது குறியின் ஆறாவது கோட்டில் நிற்கும் டிராகனைப் போல அவர் திருவெண்ணெய்நல்லூருக்குப் புறப்பட்டார். மெய்கண்டார் அப்போது ஆணவ மலத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். வந்தவர் உட்காரவுமில்லை. ஆணவத்தின் வடிவம் யாது என்று நின்றபடியே கேட்டார். குழந்தை வாய் திறக்காமல், நிற்கும் அவரையே சுட்டிக் காட்டியது.

பண்டிதர் கோபித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். தனிக்கட்சி சேர்த்து இன்னொரு மடம் தொடங்கியிருக்கலாம். அதற்கு வேண்டிய மாணாக்கரும் கல்வியும் அவரிடம் இருந்தன. அவர் அந்தக் குழந்தையின் காலில் விழுந்தார். அருணந்தி என்ற பெயர் பெற்றார். குழந்தை அருளிய சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுக்கு வழிநூலாகச் சிவஞான சித்தியாரைப் பாடினார். சந்தான குரவர் நால்வரின் திருவுருவங்களை வரிசையாக வைத்திருக்கும் கோயில்களில், மெய்கண்டார் முதலில் இருப்பார். அவருக்குக் கயிறு சாத்திய குலகுரு அடுத்த இடத்தில் இருப்பார்.